நிரலைப் படிப்பவர் யார்?

கணிப்பொறிக்கு நாம் எழுதிக் கொடுக்கும் கட்டளைத் தொடருக்கு நிரல் என்று பெயர். புரோகிராம் என்றும் சொல்வதுண்டு. இந்த நிரலைப் படிப்பவர் யார் என்று கேட்டால், "கணிப்பொறிதான், வேறு யார்?" என்று நீங்கள் உடனே விடை கூறுவீர்கள். அது பாதி விடைதான். ஒரு நிரல் பயனில் இருக்கும் காலம் முழுவதும் மனிதர்களும் அதைப் படித்துக்கொண்டே இருக்கிறார்கள். பிழை தென்பட்டால் படிக்கிறார்கள். வரி விகிதம் மாறினால் படிக்கிறார்கள். புதிய வசதி ஒன்றைச் சேர்க்க வேண்டுமானால், அதை எங்கே சேர்ப்பது என்று அறியப் படிக்கிறார்கள். பெரும்பாலும் எழுதியவர் ஒருவராகவும் படிப்பவர் வேறொருவராகவும் இருப்பர். எழுதியவரே படித்தாலும், ஓராண்டு கழிந்தபின் அது அவருக்கே புதிதாகத் தோன்றும்.

கணிப்பொறிக்கும் மனிதருக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. நூறு கிளைகளாகப் பிரியும் கட்டளைகளைக் கணிப்பொறி சலிப்பின்றிப் பின்பற்றும். மனித மனத்தால் அது இயலாது. நாம் ஒரே சமயத்தில் நினைவில் நிறுத்தக்கூடிய செய்திகள் ஏறத்தாழ ஏழு என்று உளவியல் அறிஞர் ஜார்ஜ் மில்லர் 1956-இல் எழுதினார். 2001-இல் நெல்சன் கோவன் என்ற அறிஞர், அந்த எண் நான்கை ஒட்டியே இருக்கும் என்றார். ஏழோ நான்கோ, எல்லை ஒன்று இருக்கிறது என்பது தெளிவு. அந்த எல்லையை மீறும் நிரலில்தான் பிழைகள் ஒளிந்து வாழ்கின்றன. அவை எவ்வாறு ஒளிகின்றன, அவற்றுக்கு இடம் கொடாமல் எழுதுவது எப்படி என்று இக்கட்டுரையில் காண்போம்.

ஒரு வரி செய்த வேலை

2014 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம் தன் ஐபோன்களுக்கு அவசரத் திருத்தம் ஒன்றை வெளியிட்டது. நாம் இணையத்தில் வங்கி போன்ற ஓர் அமைப்புடன் தொடர்பு கொள்ளும்போது, எதிர்ப்புறத்தில் இருப்பது உண்மையில் அந்த வங்கிதானா என்று நம் கருவி சோதித்துப் பார்க்கும். அந்தச் சோதனையைச் செய்யும் நிரலில் ஒரு பிழை இருந்தது. ஓராண்டுக்கும் மேலாக யாரும் அதைக் கவனிக்கவில்லை. நிரல் சி என்ற மொழியில் எழுதப்பட்டது. பிழை இருந்த இடத்தைத் தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

சோதனை தவறினால்
    முடிவுக்குத் தாவு
    முடிவுக்குத் தாவு
அடுத்த சோதனையைச் செய்

'முடிவுக்குத் தாவு' என்ற கட்டளை தவறுதலாக இரண்டு முறை இடம்பெற்றுவிட்டது. கண்ணுக்கு இரண்டு வரிகளும் 'சோதனை தவறினால்' என்பதற்கு உட்பட்டவை போலவே தெரிகின்றன. இரண்டும் உள்தள்ளி எழுதப்பட்டிருக்கின்றன அல்லவா? ஆனால் சி மொழியில் உள்தள்ளலுக்குப் பொருள் கிடையாது. அடைப்புக்குறி இட்டுச் சேர்க்காவிட்டால், நிபந்தனை அதனை அடுத்து வரும் ஒரே ஒரு கட்டளையை மட்டுமே கட்டுப்படுத்தும். எனவே இரண்டாவது 'தாவு' எந்த நிபந்தனைக்கும் உட்படாமல் எப்போதும் நிறைவேறியது. அடுத்து இருந்த முக்கியமான சோதனை ஒருநாளும் நடைபெறவில்லை. அதுவரை பிழை எதுவும் பதிவாகாததால், "எல்லாம் சரி" என்றே நிரல் விடை கொடுத்தது. ஒரே வலையமைப்பில் இருக்கும் ஏமாற்றுக்காரர் ஒருவர் வங்கியைப்போல் நடித்துத் தகவல்களைக் கவர வழி திறந்து கிடந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. கணிப்பொறி தவறு செய்யவில்லை. எழுதியதை எழுதியபடியே செய்தது. நிரலின் தோற்றம் ஒரு பொருளையும், நிரல் வேறொரு பொருளையும் தந்தன. படித்த மனிதர்கள் தோற்றத்தை நம்பினார்கள்.

பாதைகள் பெருகும் கணக்கு

சிக்கல் என்பது வெறும் மன உணர்வு அன்று. அதைக் கணக்கிடவும் முடியும். ஒரு நிரலில் 'ஆம், இல்லை' என்று இரண்டாகப் பிரியும் முடிவு ஒன்று இருந்தால், நிரலின் வழியாகச் செல்லும் பாதைகள் இரண்டு. அதனை அடுத்து இன்னொரு முடிவு வந்தால் பாதைகள் நான்கு. மூன்றாவது வந்தால் எட்டு. இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாகப் பத்து முடிவுகள் வந்தால் 1,024 பாதைகள். இருபது வந்தால் 10,48,576 பாதைகள்.

ஒரு பாதையைச் சோதிக்க ஒரு விநாடி போதும் என்று வைத்துக்கொள்வோம். பத்து முடிவுகள் உள்ள நிரலைப் பதினேழு நிமிடங்களில் முழுமையாகச் சோதித்துவிடலாம். இருபது முடிவுகள் உள்ள நிரலுக்குப் பன்னிரண்டு நாட்கள் ஆகும். முப்பது முடிவுகள் இருந்தால் முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆகும்! முப்பது முடிவுகள் கொண்ட நிரல் ஒன்றும் பெரிய நிரல் அன்று.

இனி அந்த இருபது முடிவுகளை, ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு பகுதிகளாகப் பிரிப்போம். ஒவ்வொரு பகுதியிலும் ஐந்து முடிவுகள். ஐந்து முடிவுகளுக்கு 32 பாதைகள். நான்கு பகுதிகளையும் தனித்தனியே சோதித்தால் மொத்தம் 128 பாதைகள்தாம். பன்னிரண்டு நாள் வேலை இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் முடிந்துவிடுகிறது. முடிவுகளில் ஒன்றைக்கூட நாம் நீக்கவில்லை. பெருக்கலாக இருந்ததைக் கூட்டலாக மாற்றினோம், அவ்வளவுதான். நிரலைச் சிறு சிறு துணை நிரல்களாகப் பிரித்து எழுதுங்கள் என்று வல்லுநர்கள் வற்புறுத்துவதன் காரணம் இந்தக் கணக்கில் இருக்கிறது.

இதில் ஒரு நிபந்தனை இருப்பதையும் மறந்துவிடக் கூடாது. பகுதிகள் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவையாக இருக்க வேண்டும். ஒரு பகுதி தன் விடையை மட்டும் அடுத்த பகுதிக்குக் கொடுக்க வேண்டும். அதன் உள்ளே கைவைக்கக் கூடாது. எல்லாப் பகுதிகளும் தம் விருப்பம்போல் மாற்றக்கூடிய பொதுவான எண் ஒன்று இருந்தால், பிரித்தது பெயருக்குத்தான். பாதைகள் மீண்டும் பெருகத் தொடங்கிவிடும்.

சிக்கலுக்கு ஓர் அளவுகோல்

வெப்பத்தை அளக்க வெப்பமானி இருப்பதுபோல நிரலின் சிக்கலை அளக்க ஒரு கருவி உண்டா? உண்டு. 1976-இல் தாமஸ் மெக்கேப் என்ற அமெரிக்கர் அத்தகைய அளவு ஒன்றை வெளியிட்டார். ஆய்லர் என்ற கணித மேதை 1736-இல் கோனிக்ஸ்பர்க் நகரத்துப் பாலங்களைப் பற்றிய புதிரை ஆராய்ந்தபோது வரைபடக் கோட்பாடு பிறந்தது. புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் ஆராயும் கணிதம் அது. நிரலையும் புள்ளிகளும் கோடுகளுமாக வரையலாம் அல்லவா? அந்தக் கணிதத்தையே மெக்கேப் இங்கே பயன்படுத்தினார்.

அவருடைய அளவைக் காண்பது மிக எளிது. ஒரு துணை நிரலில் இரண்டாகப் பிரியும் முடிவுகள் எத்தனை என்று எண்ணுங்கள், ஒன்றைக் கூட்டுங்கள். விடை கிடைத்துவிட்டது. முடிவே இல்லாத நிரலின் எண் 1. நான்கு முடிவுகள் உள்ள நிரலின் எண் 5.

இந்த எண் எதைக் குறிக்கிறது? இயற்பியலில், வெளியில் எந்தத் திசையில் செயல்படும் விசையையும் மூன்று அச்சுகளின் வழியே பகுத்து எழுதலாம் என்று படித்திருக்கிறீர்கள். அந்த மூன்றும் அடிப்படைத் திசைகள். அதுபோலவே நிரலின் பாதைகளிலும் அடிப்படைப் பாதைகள் சில உண்டு. மற்றப் பாதைகள் யாவும் அவற்றின் சேர்க்கைகளே. அடிப்படைப் பாதைகளின் எண்ணிக்கையே மெக்கேப் எண். எல்லாப் பாதைகளையும் சோதிக்க இயலாவிட்டாலும், அடிப்படைப் பாதைகளையேனும் சோதிக்க வேண்டும் என்பது அவர் கருத்து. ஒரு துணை நிரலின் எண் பத்தைத் தாண்டினால் அதைப் பிரித்து எழுதுவது நல்லது என்றும் அவர் கூறினார். இன்று இந்த எண்ணைத் தாமே கணக்கிட்டுச் சொல்லும் மென்பொருள்கள் பல கிடைக்கின்றன.

தாவுவதை விட்டுத் தொடர்ந்து செல்லுதல்

முற்காலத்து நிரல்களில், எங்கிருந்தும் எங்கும் தாவச் செய்யும் கட்டளை மிகுதியாகப் பயன்பட்டது. அப்படிப்பட்ட நிரலைப் படிப்பது, பக்கத்துக்குப் பக்கம் "இனி 213-ஆம் பக்கம் செல்க" என்று சொல்லும் புத்தகத்தைப் படிப்பதற்கு ஒப்பாகும். 1968-இல் நெதர்லாந்து நாட்டு அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, தாவுகட்டளை தீங்கு விளைவிப்பது என்று வாதிட்டு ஒரு கடிதம் எழுதினார். ஒரு வரியைப் படிக்கும்போது, எந்த வழியாக அங்கு வந்தோம் என்பதைப் படிப்பவர் அறிய முடியாமற்போகிறது என்பது அவர் வாதத்தின் சாரம்.

தாவாமல் எழுத முடியுமா என்ற ஐயத்துக்கு 1966-இலேயே விடை கிடைத்திருந்தது. ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தல், இரண்டில் ஒன்றைத் தேர்தல், ஒரு நிபந்தனை உள்ளவரை திரும்பத் திரும்பச் செய்தல் ஆகிய மூன்று அமைப்புகளே எந்தக் கணக்கீட்டுக்கும் போதும் என்று பெம், யாக்கோபினி என்ற இரு இத்தாலியர்கள் நிறுவியிருந்தார்கள். இன்று பரவலாக வழங்கும் மொழிகள் பெரும்பாலும் இம்மூன்றையே அடிப்படையாகக் கொண்டவை.

ஒரு சிறு எடுத்துக்காட்டு

ஒரு கல்லூரியில் தேர்வு எழுத நுழைவுச் சீட்டு வழங்கும் விதியை எடுத்துக்கொள்வோம். மாணவர் தேர்வுக் கட்டணம் செலுத்தியிருக்க வேண்டும். வருகை 75 விழுக்காடு வேண்டும். 65-க்குக் குறையாமல் இருந்து மருத்துவச் சான்றும் இருந்தால் சலுகை உண்டு. இதை இப்படி எழுதலாம்:

கட்டணம் செலுத்தியிருந்தால்
    வருகை 75 அல்லது அதற்கு மேல் என்றால்
        சீட்டு கொடு
    இல்லையேல்
        வருகை 65 அல்லது அதற்கு மேல் என்றால்
            சான்று இருந்தால்
                சீட்டு கொடு
            இல்லையேல்
                மறு
        இல்லையேல்
            மறு
இல்லையேல்
    மறு

இது சரியான நிரல்தான். ஆயினும் கடைசியில் வரும் மூன்று 'மறு'க்களும் எந்தெந்த நிபந்தனையைச் சேர்ந்தவை என்று சொல்லுங்கள் பார்ப்போம். விரலை வைத்து மேலே தேடிச் செல்ல வேண்டியிருக்கிறது அல்லவா? இதே விதியை வேறு விதமாக எழுதுவோம்:

கட்டணம் செலுத்தவில்லை என்றால்: மறுத்து நிறுத்து
வருகை 75 அல்லது அதற்கு மேல் என்றால்: சீட்டு கொடுத்து நிறுத்து
வருகை 65-க்குக் கீழ் என்றால்: மறுத்து நிறுத்து
சான்று இருந்தால்: சீட்டு கொடுத்து நிறுத்து
மறு

இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ஆனால் இரண்டாவதில் ஒரு வரியைப் படித்து முடித்ததும் அதை மறந்துவிடலாம். நான்காவது வரிக்கு வரும்போது, கட்டணம் செலுத்தியவர், வருகை 65-க்கும் 75-க்கும் இடைப்பட்டவர் ஒருவரே எஞ்சியிருக்கிறார். மற்றவர்கள் யாவரும் முன்னரே அனுப்பப்பட்டுவிட்டார்கள். மனத்தின் சுமை இறங்கிவிடுகிறது.

இங்கே வியப்பான செய்தி ஒன்று உண்டு. இரண்டு வடிவங்களிலும் முடிவுகள் நான்கு; ஆகவே மெக்கேப் எண் இரண்டுக்கும் 5-தான். வெப்பமானி காய்ச்சலைக் காட்டும். நோயின் பெயரைச் சொல்லாது. அதுபோல் மெக்கேப் எண் கிளைகளை எண்ணும். நிபந்தனைக்குள் நிபந்தனையாக எவ்வளவு ஆழம் போகிறோம் என்பதைச் சொல்லாது. ஆழத்தையும் நாம் தனியே கவனிக்க வேண்டும். லினக்ஸ் என்ற புகழ்பெற்ற மென்பொருளை எழுதுவோருக்கான நெறிமுறை, மூன்று நிலைகளுக்கு மேல் உள்ளே போக நேர்ந்தால் நிரலையே திருத்தச் சொல்கிறது.

அடுத்து எண்களைப் பாருங்கள். 75, 65 என்பவை எதைக் குறிக்கின்றன என்று நிரலை மட்டும் படிப்பவருக்குத் தெரியாது. 'குறைந்த வருகை', 'சலுகை வருகை' என்று பெயரிட்டு, அவற்றின் மதிப்பை ஓரிடத்தில் மட்டும் எழுதிவைத்தால் இரண்டு பயன்கள் கிடைக்கும். படிப்பது எளிதாகும். நாளை விதி மாறி 75 என்பது 80 ஆனால், ஓரிடத்தில் திருத்தினால் போதும். பெயரிடாமல் பத்து இடங்களில் 75 என்று எழுதியிருந்தால், ஒன்பதைத் திருத்திவிட்டுப் பத்தாவதை மறப்பது எளிது.

பழையதைக் களைதல்

பயனற்றுப்போன பகுதியை நிரலிலிருந்து நீக்காமல் விட்டுவைப்பதும் சிக்கலை வளர்க்கும். "அது ஓடுவதே இல்லையே, இருந்துவிட்டுப் போகட்டும்" என்று தோன்றலாம். 2012 ஆகஸ்ட் 1-ஆம் நாள் அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள்.

நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வணிக நிறுவனத்தின் நிரலில், 2003-இல் பயன்பாட்டிலிருந்து நிறுத்தப்பட்ட பழைய பகுதி ஒன்று நீக்கப்படாமல் இருந்தது. அதை இயக்குவதற்கென ஒரு குறி இருந்தது. 2012-இல் புதிய வசதி ஒன்றை எழுதியவர்கள் அதே குறியைப் புதிய வேலைக்குப் பயன்படுத்தினார்கள். புதிய நிரலை எட்டு சர்வர்களில் ஏற்ற வேண்டியிருந்தது, ஒன்றில் விடுபட்டுவிட்டது. சந்தை திறந்ததும் ஏழு சர்வர்களில் அந்தக் குறி புதிய பகுதியை இயக்கியது. எட்டாவதில் ஒன்பது ஆண்டுகளாக உறங்கிக்கொண்டிருந்த பழைய பகுதியை எழுப்பிவிட்டது. வாங்க வேண்டிய அளவு நிறைவேறியதா என்று பார்த்து நிறுத்தும் ஏற்பாடு இடையில் வேறிடத்துக்கு மாற்றப்பட்டிருந்ததால், பழைய பகுதி நிறுத்தமின்றி ஆணைகளை அனுப்பிக்கொண்டே இருந்தது. நாற்பத்தைந்து நிமிடங்களில் அந்நிறுவனத்துக்கு ஏற்பட்ட இழப்பு 44 கோடி டாலருக்கும் மேல். அடுத்த ஆண்டு அது வேறொரு நிறுவனத்துடன் இணைந்துவிட்டது.

பழைய பகுதியை நீக்கியிருந்தால், எட்டாவது சர்வரில் புதிய நிரல் ஏறாமற்போயிருந்தாலும் எழுப்புவதற்கு அங்கே ஒன்றும் இருந்திராது. ஒரே குறிக்கு இரண்டு பொருள் இல்லாமல் இருந்தாலும் இந்த விபரீதம் நேர்ந்திராது. முன்னர்ச் சொன்ன 'பகுதிகள் தொடர்பில்லாதவையாக இருக்க வேண்டும்' என்ற நிபந்தனை மீறப்படும்போது நேர்வது இதுவே.

பிரிப்பதற்கும் அளவு உண்டு

பிரிப்பது நல்லது என்றவுடன் நிரலைத் தூள் தூளாக்கிவிடுவதும் தவறு. பகுதிகள் நான்கு என்றால் அவற்றினிடையே இருக்கக்கூடிய இணைப்புகள் ஆறு. பகுதிகள் நாற்பது என்றால் இணைப்புகள் 780 வரை இருக்கலாம். பகுதிக்குள் குறைந்த சிக்கல் இணைப்புகளில் போய்ச் சேர்ந்துவிடும். அப்படியானால் எங்கே வெட்டுவது? 1972-இல் டேவிட் பர்னாஸ் இதற்கு நல்ல விடை தந்தார். பிற்காலத்தில் மாறக்கூடிய முடிவு ஒவ்வொன்றையும் ஒரு பகுதிக்குள் மறைத்து வையுங்கள் என்றார் அவர். நம் எடுத்துக்காட்டில் வருகை விதி மாறலாம். கட்டணம் செலுத்தும் முறையும் மாறலாம். ஆகவே அவை இரண்டும் தனித்தனிப் பகுதிகள். ஒன்று மாறும்போது மற்றது அசையக் கூடாது.

எல்லாச் சிக்கலையும் நீக்கிவிட முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பிரெடரிக் புரூக்ஸ் 1986-இல் எழுதிய கட்டுரையில் சிக்கலை இரண்டாகப் பிரித்தார். ஒன்று, பொருளிலேயே உள்ள சிக்கல். வருமான வரிச் சட்டம் சிக்கலானது என்றால் அதைக் கணக்கிடும் நிரலும் ஓரளவு சிக்கலாகவே இருக்கும். மற்றொன்று, எழுதுவோராகிய நாம் கொண்டுவந்து சேர்க்கும் சிக்கல். முன்னதை நாம் ஏற்றுக்கொள்ள வேண்டும்; பின்னதை நீக்குவது நம் கையில் இருக்கிறது.

நீங்களே செய்து பாருங்கள்

நீங்கள் நிரல் எழுதக் கற்பவராக இருந்தால், சில மாதங்களுக்கு முன் எழுதிய நிரல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மிக நீளமான துணை நிரலின் முடிவுகளை எண்ணி மெக்கேப் எண்ணைக் கண்டுபிடியுங்கள். எத்தனை நிலை ஆழம் போகிறது என்றும் பாருங்கள். பிறகு திருத்தத் தொடங்குங்கள்.

ஆனால் திருத்துவதற்கு முன் ஒரு முன்னேற்பாடு தேவை. நுழைவுச் சீட்டு நிரலுக்கு ஐந்து சோதனைகள் போதுமானவை: கட்டணம் செலுத்தாதவர், வருகை 80 உள்ளவர், வருகை 60 உள்ளவர், 70-உடன் சான்று உள்ளவர், 70 இருந்தும் சான்று இல்லாதவர். ஐந்து என்பது மெக்கேப் எண்ணாக இருப்பது தற்செயல் அன்று. இவற்றோடு எல்லையில் நிற்கும் 75-ஐயும் 65-ஐயும் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. பிழைகள் எல்லைகளில் ஒளிவதை விரும்புபவை. ஒவ்வொன்றுக்கும் பழைய நிரல் தரும் விடையை முதலில் குறித்துவையுங்கள். பின்னர் ஒவ்வொரு சிறு மாற்றம் செய்தபின்னும் அதே விடைகள் வருகின்றனவா என்று பாருங்கள். செயல் மாறாமல் அமைப்பை மட்டும் சீர்செய்யும் இந்த முறையை விளக்கி மார்ட்டின் ஃபௌலர் 1999-இல் ஒரு நூலே வெளியிட்டார்.

கடைசியாக ஒரு சோதனை. திருத்திய நிரலை நண்பர் ஒருவரிடம் கொடுத்து, அது என்ன செய்கிறது என்று சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் அருகில் இருந்து விளக்கம் எதுவும் சொல்லக் கூடாது. அவர் எந்த வரியில் தயங்கி நிற்கிறாரோ, அந்த வரியில் உங்களுக்கு இன்னும் வேலை இருக்கிறது.